கேட்பவரின் மொழி

கடல் கடந்து வரும் கடிதத்துக்காக ஊரே காத்திருந்த காலம் ஒன்றுண்டு. கொழும்பிலும் பினாங்கிலும் இரங்கூனிலும் கடை வைத்தவர்களாகவும், கடைகளில் கணக்கெழுதியவர்களாகவும் நம் கடற்கரை ஊர்களின் ஆண்மக்கள் பலர் அக்கரையில் வாழ்ந்தனர். இக்கரையில் அவர்தம் குடும்பங்கள் அஞ்சற்காரரின் மிதிவண்டி மணியோசைக்குச் செவி சாய்த்திருந்தன.

நாம் சிறு பிள்ளையாய் இருந்த 1960களில், அஸர் தொழுகை முடிந்து வாப்பா அவர்கள் வீடு திரும்பும் நேரத்துக்கு, உள்கூடத்தில் உம்மாவைச் சூழ்ந்து நான்கைந்து பெண்கள் அமர்ந்திருப்பர். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு கடிதம் இருக்கும். சிலருக்குத் தமிழெழுத்து தெரியாது. ஆனால் மக்தபில் ஓதிய பழக்கத்தால் அரபெழுத்து தெரியும். அவர்கள் தம் உள்ளத்துத் தமிழை அரபு எழுத்திலேயே வரைந்து கொண்டுவந்து தருவர். வாப்பா அவர்கள் அதனைத் தமிழெழுத்தில் பெயர்த்தெழுதி அனுப்புவார்கள். பினாங்கில் பல்லாண்டு வாழ்ந்தவர்களாதலால், மலாய் மொழியில் வந்த கடைப் பத்திரங்களையும் படித்துப் பொருள் சொல்வார்கள்.

கதவோரம் நாற்காலியிட்டு அமர்ந்து அவர்கள் கடிதம் படித்த முறையை இன்றும் மறக்கவியலவில்லை. எந்தக் கடிதத்தையும் எடுத்தவுடன் உரக்கப் படிக்கமாட்டார்கள். முதலில் ஒருமுறை தாமே மௌனமாகப் படித்து முடிப்பார்கள். துயரச் செய்தியாயின், உரியவரைத் தவிர மற்றவர்களைக் குறிப்பால் எழுந்துபோகச் செய்வார்கள். படித்து முடித்த பின்னர், "என்ன விளங்கிற்று, சொல் மகளே, கேட்போம்" என்பார்கள். அப்பெண் தன் வாயால் செய்தியைத் திரும்பச் சொல்லும்வரை கடிதம் அவர்கள் கையைவிட்டு நீங்காது. "நாம் சொன்னது பெரிதா? அவளுக்கு விளங்கியதுதான் பெரிது" என்று உம்மாவிடம் கூறுவார்கள்.

அந்தப் பழக்கத்தின் அருமை நமக்கு விளங்க ஐம்பது ஆண்டுகள் ஆயின. அதுவும் ஒரு பெண்ணின் கண்ணீரைக் கண்ட பின்னரே விளங்கிற்று. அதனைச் சொல்லவே இக்கட்டுரை.

அதே கதவோரம்

பள்ளி ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், வாப்பா அமர்ந்த அதே கதவோரத்தில் நாம் ஒரு மேசையும் ஒரு பழைய கணினியும் இட்டு அமர்ந்தோம். அஸர் முதல் மஃரிப் வரை வருவோர்க்கு உதவுவது; கூலி வாங்குவதில்லை. வாப்பாவிடம் கடிதத்தோடு வந்தனர். நம்மிடம் கைபேசியோடு வருகின்றனர். இவ்வளவே வேறுபாடு என்று தொடக்கத்தில் எண்ணியிருந்தோம்.

வருவோரின் மொழிகளைக் கேளுங்கள். பெரும்பாலோர் நம் கரையோரத் தமிழ் பேசுவோர். கொழும்பில் பிறந்து இங்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் ஈழத்து முஸ்லிம்களின் தமிழைப் பேசுவர். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் வளர்ந்து முதுமையில் ஊர் திரும்பியோர் கருவியின் உறுப்புகளையெல்லாம் மலாய்ப் பெயரால் சுட்டுவர். வட மாவட்டத்திலிருந்து வந்து தெருமுனையில் கடை வைத்திருக்கும் குடும்பத்தினர் வீட்டில் தக்கினி உருது பேசுவோர். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் இளைஞரின் கருவியிலோ அரபு எழுத்து ஓடும். இவர்கள் அனைவருக்கும் கருவி மறுமொழி கூறுவது பெரும்பாலும் ஆங்கிலத்தில்!

ஆகவே, கேள்வி ஒரு மொழியில் பிறக்கிறது. விடை மற்றொரு மொழியில் உறங்குகிறது. இரண்டுக்கும் இடையே நடந்து செல்ல ஓர் ஆள் தேவைப்படுகிறது. அந்த நடைதான் நம் மாலை நேரத்துப் பணி.

கட்டங்களின் கதை

ஒரு நாள் எண்பது வயதை எட்டிய உம்மா ஒருவர், பேரனின் கைபேசிச் செய்தியைக் காட்டினார். திரை முழுதும் வெற்றுக் கட்டங்கள். வரிசை வரிசையாக அடுக்கிவைத்த செங்கற்களைப் போல. "கோலாலம்பூரிலிருந்து பேரன் அனுப்பியது, தம்பி. நேற்றுத் தொலைபேசியில் கொஞ்சம் கடிந்து பேசிவிட்டேன். பேசப் பிடிக்காமல் கட்டம் கட்டமாக அனுப்புகிறான் போலும்!" என்றார். குரல் நடுங்கிற்று.

பேரன் மீது குற்றமில்லை. எழுத்தின் உருவம் கருவியிலிருந்து கருவிக்குச் செல்வதில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய எண்தான் செல்கிறது. எண்ணைப் பெறும் கருவி, எழுத்துரு எனப்படும் தன் அச்சுப் பெட்டியைத் திறந்து, அந்த எண்ணுக்குரிய வடிவத்தை எடுத்துத் திரையில் வைக்கிறது. பெட்டியில் அவ்வடிவம் இல்லையேல் வெற்றுக் கட்டத்தை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அந்தப் பெரியம்மாவின் பழைய கருவியில் தமிழெழுத்துரு இல்லை. பேரன் எழுதிய எண்கள் ஒன்று விடாமல் வந்து சேர்ந்திருந்தன. அவற்றுக்கு உடுத்த உடைதான் இல்லை.

இக்கட்டங்களைக் கணினித் துறையினர் கேலியாகத் 'தோஃபு' என்பர். தோஃபு என்பது கிழக்காசிய நாடுகளில் சோயாவால் செய்யப்படும் வெள்ளைக் கட்டி. எந்த மொழியிலும் இக்கட்டம் தோன்றலாகாது என்ற நோக்கில் கூகுள் நிறுவனம் வெளியிட்ட எழுத்துருக் குடும்பத்துக்கு, 'தோஃபு வேண்டா' என்னும் பொருள்படவே 'நோட்டோ' எனப் பெயரிட்டனர்.

இதற்கு முன் இருந்த குழப்பம் இதனினும் பெரிது. கணினியில் தமிழ் ஏறிய தொடக்க காலத்தில் எழுத்துருவை ஆக்கியோர் ஒவ்வொருவரும் தத்தமக்குத் தோன்றிய எண்களை எழுத்துகளுக்கு அளித்தனர். ஒருவர் அனுப்பிய திருமண அழைப்பு மற்றொருவர் கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாட்டின் வழியாகத் தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் எனும் குறியீட்டு முறைகளும் வந்தன. நாம் கணினி பயின்றதும் அவ்வாண்டில்தான். உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான ஒருங்குறி 1991இல் வெளியான முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தது; எனினும் அது நம் மேசைக்கு வந்து சேரப் பல்லாண்டுகள் ஆயின. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியைத் தன் தரங்களுள் ஒன்றாக ஏற்றது.

இவற்றையெல்லாம் அந்தப் பெரியம்மாவிடம் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. செய்தியை நம் கணினிக்கு அனுப்பித் திறந்தோம். கட்டங்கள் எழுத்துகளாயின. "நன்னிமா, மருந்து சாப்பிட்டீர்களா? நோன்புப் பெருநாளைக்கு வருகிறேன்" என்றிருந்தது. அவர் இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, "நம்மைத்தான் கடிந்துகொள்ள வேண்டும்" என்று சொல்லிச் சிரித்தபடி எழுந்து போனார். எழுத்துரு தெரியும் கருவியொன்றை மறு வாரம் மருமகன் வாங்கித் தந்தார்.

அன்று ஒன்று கற்றோம். அவர் கேட்டது எழுத்துருவைப் பற்றியன்று. பேரனுக்குத் தம்மேல் கோபமா என்பதே அவர் கேள்வி. அதற்குரிய விடையை முதலில் தந்தாக வேண்டும். எழுத்துரு பிறகு வரலாம்.

வலமிருந்து இடம்

மற்றொரு நாள் நடந்தது நெஞ்சைப் பதறவைத்தது. ரியாத்தில் பணியாற்றும் மகன் நோயுற்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறான் என்று, உடன் பணியாற்றும் அரபியர் ஒருவர் அரபு மொழியில் செய்தி அனுப்பியிருந்தார். அதனுள் மருத்துவமனையின் தொலைபேசி எண் இருந்தது. தாய் காலையிலிருந்து அந்த எண்ணைச் சுழற்றிக்கொண்டேயிருந்தார். இணைப்புக் கிட்டவில்லை. எண் பொய்யோ, செய்தியே பொய்யோ, மறைக்கக்கூடாத எதையேனும் மறைக்கிறார்களோ என்றெல்லாம் அவர் உள்ளம் அலைந்தது.

செய்தியைப் பார்த்தோம். வெளிநாட்டு எண்ணுக்கு முன்னால் வரவேண்டிய கூட்டற்குறி எண்ணின் வலக்கோடியில் நின்றது. அதற்கு இடப்புறத்தில் சவூதி அரபியாவின் எண்ணாகிய 966. அக்கணமே செய்தி விளங்கிற்று. அரபு வலமிருந்து இடமாக ஓடும் எழுத்து. ஆனால் அதனுள் வரும் எண்களின் இலக்கங்கள் நம் எண்களைப் போல் இடமிருந்து வலமாகவே நிற்கும். தொலைபேசி எண்ணை இடைவெளி விட்டுத் துண்டு துண்டாக எழுதினாலோ, ஒவ்வொரு துண்டும் உள்ளே மாறாமலிருக்க, துண்டுகளின் வரிசை மட்டும் வலமிருந்து இடமாக அமைந்துவிடும். தாயார் இடக்கோடியிலிருந்து படித்துச் சுழற்றியிருக்கிறார். ஆகவே எண்ணின் வால் தலையாகவும் தலை வாலாகவும் மாறிவிட்டன.

வலக்கோடியிலிருந்து துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து எழுதித் தந்தோம். அழைப்புச் சென்றது. சற்று நேரத்தில் மகனே பேசினான். குடல்வால் அறுவை முடிந்து நலமாக இருந்தான். அந்தத் தாய் 'அல்ஹம்துலில்லாஹ்' என்றதற்கு மேல் ஒரு சொல்லும் பேசவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அரபு நாட்டிலிருந்து வரும் தாள்களில் வேறொரு கண்ணியும் உண்டு. கீழை அரபு இலக்கங்களில் ஐந்தென்பது சிறு வட்டம். நம் கண்ணுக்கு அது சுழியாகத் தோன்றும். அவர்களுடைய சுழியோ வெறும் புள்ளி. ஆறு என்பது நாம் எழுதும் ஏழினை ஒத்திருக்கும். விசாத் தாளையும் மருந்துச் சீட்டையும் அவசரமாகப் படிப்போர் இதில் தவறுவது எளிது. மக்தபில் ஓதிய பெண்கள் குர்ஆனின் வசன எண்களில் இவ்விலக்கங்களைக் கண்டு பழகியவர்களாதலால், இவ்விடத்தில் பட்டம் பெற்ற பிள்ளைகளைவிட அவர்களே தேர்ந்தவர்கள். உதவி கேட்டு வந்தவர் உதவுபவராகிவிடும் இத்தகைய மாலைகள் நமக்கு மிகவும் பிடித்தவை.

தன் பெயர் தன் எழுத்தில்

துபாயிலிருந்து கணவர் அனுப்பிய புதிய கருவியொன்றை ஓர் இளம்பெண் கொணர்ந்தாள். திறந்தால் முழுதும் அரபு. "எங்கே தொட்டாலும் இன்னும் உள்ளே போகிறது, மாமா, வெளியே வரத் தெரியவில்லை" என்றாள். அயலூரில் வழி தவறியவள் பேசும் பேச்சு அது.

இத்தகைய இடத்தில் சொல் பயன்படாது, படம் பயன்படும். பற்சக்கரத்தின் படத்தைத் தேடுக. அதனுள் கீழே இறங்கி உலக உருண்டையின் படத்தைத் தேடுக. அங்கே மொழிகளின் பட்டியல் இருக்கும். அவளையே தேடச் சொன்னோம். தேடிக்கொண்டே வந்தவளின் முகம் திடீரென மலர்ந்தது. அரபெழுத்துகளுக்கும் பிற நாட்டெழுத்துகளுக்கும் இடையே 'தமிழ்' என்று தமிழெழுத்திலேயே எழுதியிருந்தது!

கவனித்திருக்கிறீர்களா? அந்தப் பட்டியலில் ஒவ்வொரு மொழியும் தன் பெயரைத் தன் எழுத்திலேயே எழுதிக்கொண்டிருக்கும். கருவி அரபில் இருந்தாலும் சீனத்தில் இருந்தாலும் தமிழ் என்பது தமிழாகவே நிற்கும். அதை அமைத்தவர்கள் ஒரு நுட்பத்தை உணர்ந்தவர்கள். தமிழைத் தேடுபவர் அரபு தெரியாததால்தான் தேடுகிறார். அவருக்கான வழிகாட்டிப் பலகையை அரபில் எழுதி வைத்தால் யாருக்குப் பயன்? தொலைந்தவர் படிக்கக்கூடிய எழுத்தில்தான் வழி எழுதப்பட வேண்டும்.

உதவி என்பதன் இலக்கணம் முழுதும் அந்தப் பட்டியலில் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றியது. மிகவும் மகிழ்ந்தோம். சற்றுச் செருக்கும் கொண்டோம் என்பதை மறைக்கலாகாது. அந்தச் செருக்கு உடைந்த கதையைத்தான் இனிச் சொல்ல வேண்டும்.

நாம் செய்த பிழை

அவள் நம் பள்ளியில் படித்த பெண். குவைத்தில் பணியாற்றிய கணவர் அங்கேயே மாரடைப்பால் காலமாகி ஓராண்டு ஆகியிருந்தது. இரண்டு சிறு பிள்ளைகள். ஒருநாள் கைபேசியோடு வந்தாள். "வாத்தியார் மாமா, இது நிறைந்துவிட்டதாம், படம் எடுக்க மறுக்கிறது, அடிக்கடி நின்றுபோகிறது. பிள்ளையின் பள்ளிக்கூடத்துப் பாடமெல்லாம் இதில்தான் வருகிறது" என்றாள்.

அன்று ஐந்தாறு பேர் காத்திருந்தனர். நாம் விரைந்தோம். கருவியிலிருந்த படங்களையெல்லாம் கணினியில் எடுத்து வைத்தோம். பின்னர், கருவியைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கே திருப்பிவிடுவது நன்றென்று முடிவு செய்தோம். 'அனைத்தும் அழிந்துவிடும்' என்று ஆங்கிலத்தில் எச்சரிக்கை தோன்றிற்று. நமக்கு ஆங்கிலம் தெரியும், அவளுக்குத் தெரியாது. படித்தோம்; பொருளும் உணர்ந்தோம்; படங்கள்தாம் பத்திரமாக இருக்கின்றனவே என்று எண்ணி அழுத்தினோம். அந்த எச்சரிக்கையை அவளுக்குத் தமிழில் சொல்லவில்லை. அரை மணியில் கருவி புதியதாகியது. படங்களைத் திரும்ப ஏற்றிக் கொடுத்தோம். நன்றி கூறிச் சென்றாள்.

மூன்றாம் நாள் வந்தாள். நாற்காலியில் அமரவில்லை. நின்றவாறே கேட்டாள்: "மாமா, அவருடைய குரல் எங்கே இருக்கிறது?"

முதலில் நமக்கு விளங்கவில்லை. விளங்கியபோது நாக்கு உலர்ந்தது. கணவர் குவைத்திலிருந்த நான்காண்டும் வாட்ஸ்அப் வழியே குரற்செய்திகளாகவே பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் எழுதுவதில் விருப்பமில்லாதவர். இரவு பிள்ளைகள் உறங்கியபின் அவற்றுள் ஒன்றிரண்டைக் கேட்டுவிட்டு உறங்குவது அவளுடைய வழக்கம். கருவி நிறைந்து போனதற்குக் காரணமே, ஒன்றைக்கூட அவள் அழிக்காமல் வைத்திருந்ததுதான். படங்களை மட்டும் எடுத்து வைத்த நாம், குரல்களை எடுத்து வைக்கவில்லை. வேறிடத்தில் படியெடுத்து வைக்கும் ஏற்பாட்டையும் அக்கருவியில் எவரும் செய்து தந்திருக்கவில்லை.

"அழிந்துவிட்டன, மகளே. நாம்தான் அழித்தோம்" என்றோம். வேறெந்தச் சொல்லும் பொய்யாகியிருக்கும்.

அவள் சினந்திருந்தால் தாங்கியிருப்போம். சற்று நேரம் தரையைப் பார்த்திருந்தாள். "பெரிதாக ஒன்றும் இல்லை, மாமா. 'சாப்பிட்டாயா, சின்னவன் தூங்கினானா' என்றுதான் பாதி இருக்கும்" என்றாள். பிறகுதான் அழுதாள்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. வாப்பா அவர்கள் கடிதத்தை முதலில் மௌனமாகப் படித்தது ஏன் என்று அப்போது விளங்கிற்று. கடிதத்தில் என்ன இருக்கிறது என்று அறியாமல் வாய் திறந்தால், கேட்பவர் நெஞ்சில் எது விழும் என்பது தெரியாது. நாமோ கருவியில் என்ன இருக்கிறது என்று அறியாமலே கைவைத்தோம். 'நிறைந்துவிட்டது' என்று அவள் சொன்னாள். எதனால் நிறைந்தது என்று நாம் கேட்கவில்லை. ஒரு சொல் கேட்டிருந்தால் போதும். அவள் மொழியும் நம் மொழியும் ஒன்றே. தமிழுக்கும் தமிழுக்கும் இடையிலும் மொழிபெயர்ப்புத் தேவைப்படும் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

மறுநாள் முதல் தேடலானோம். குவைத்திலிருந்து உடைமைகளோடு வந்த அவர் கருவியின் திரை நொறுங்கி உயிரற்றுக் கிடந்தது. பழுது பார்ப்போர் இருவரிடம் காட்டினோம், பயனில்லை. பின்னர், கொழும்பில் கடை வைத்திருக்கும் அவருடைய காக்காவுக்குப் பேசினோம். குடும்பத்தார் அனைவரும் சேர்ந்த குழுவொன்றில் தம்பி எப்போதேனும் பேசியதுண்டு என்றும், தாம் பழைய செய்திகளை அழிப்பதில்லை என்றும் அவர் சொன்னார். ஒரு வாரம் பொறுமையோடு தேடிப் பதினொன்றைக் கண்டெடுத்தார். நான்கு திறக்கவில்லை. ஏழு திறந்தன.

அந்த ஏழில் ஒன்று, சின்னவனுக்குப் பெயர் வைத்த நாளில் சொன்னது. அப்பெயரை வாப்பாவின் குரலில் இரண்டு முறை அழைத்திருந்தார். அதனை மூன்று இடங்களில் படியெடுத்து வைத்து, கருவியிலும் ஏற்றி, அவளிடம் கொடுத்தோம். கேட்டாள். "இது என்னிடம் இருந்ததில்லை, மாமா" என்றாள். இழந்தது நூற்றுக்கணக்கில், கிடைத்தது ஏழு. ஈடாகிவிட்டது என்று நாம் சொல்லமாட்டோம், அவளும் சொல்லவில்லை.

ஒரு குறிப்பேடு

அதன்பின் மேசைமேல் ஒரு பெரிய குறிப்பேட்டை வைத்தோம். இடப்பக்கம், கேட்டவர் எந்தச் சொல்லால் கேட்டாரோ அந்தச் சொல்லிலேயே கேள்வி. வலப்பக்கம், எளிய தமிழில் விடை. எதை அழுத்தினால் எது அழியும் என்பது சிவப்பு மையில். செய்து முடித்தபின் பயன்பட்டதா என்று மறுவாரம் கேட்டறிந்து அதனையும் எழுதுவோம். பயன்படாத விடையின்மீது கோடு விழும்.

எழுத எழுத ஒன்று தெரியலாயிற்று. ஒரே கேள்வி பல பெயர்களில் வருகிறது. நம்மவர் 'போன் நிறைந்துவிட்டது' என்பார். கொழும்புப் பெண் 'இடம் காணாது' என்பாள். பினாங்குப் பெரியவர் 'பெனுஹ்' என்பார். தெருமுனைக் கடைக்காரர் 'ஜகா நை' என்பார். நான்குக்கும் விடை ஒன்றுதான். ஆனால் 'இடம் காணாது' என்று தேடுபவர் 'நிறைந்துவிட்டது' என்ற தலைப்பின்கீழ் எவ்வாறு கண்டெடுப்பார்? ஆகவே ஏட்டின் கடைசியில் ஓர் அகராதி வைத்தோம். ஒவ்வொருவர் சொல்லும் அவரவர் சொல்லிலேயே அதில் இருக்கும். எதிரே, விடையுள்ள பக்கத்தின் எண். கருவியின் மொழிப்பட்டியலில் கற்ற பாடத்தை ஏட்டில் ஏற்றினோம், அவ்வளவே.

இப்போது பலர் நம்மைக் கேட்பதில்லை. ஏட்டைப் புரட்டுகின்றனர், பக்கத்தைத் தம் கைபேசியிலேயே படமெடுத்துச் செல்கின்றனர். பினாங்குப் பெரியவர் மலாய்ப் பக்கங்களைத் தாமே திருத்துகிறார். கடைக்காரரின் மகள் உருதுச் சொற்களைச் சேர்க்கிறாள். விடை தெரியாத கேள்விகளுக்குத் 'தெரியவில்லை' என்றே எழுதி இடம் விட்டிருக்கிறோம். அந்த வெற்றிடங்களுள் சிலவற்றை, அடுத்து வந்தவர் எவரேனும் நிரப்பியிருக்கின்றனர். தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதியிருந்தால் அந்த இடம் என்றும் நிரம்பியிராது.

முதற்பக்கத்தில் மூன்று மொழிகளிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. மோசக்காரர்களும் மக்களின் மொழியில்தான் பேசுகின்றனர். நம்மைவிட இனிமையாகவும் பேசுகின்றனர். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, கைபேசிக்கு வந்த ஒருமுறைக் கடவு எண்ணைக் கேட்பவர் எம்மொழி பேசினும் திருடரே. பணம் இழந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல், தாமதமின்றி 1930 என்னும் எண்ணுக்கு அழைக்க வேண்டும். நமக்கும் அவ்வெண்ணைச் சொல்ல வேண்டா என்று மேலும் எழுதியுள்ளோம். உதவுபவரை நம்பலாம், ஆனால் பூட்டின் திறவுகோலை உதவுபவரிடமும் தரலாகாது.

இந்தச் சிறு பணியில் நாம் கைக்கொள்ளும் நெறி நான்கு. கேள்வியை முதலில் முழுதும் கேட்பது. எதற்காகக் கேட்கிறார் என்பதையும் கேட்பது. அழியக்கூடியது எது என்பதை, கைவைக்குமுன் அவர் மொழியில் சொல்வது. முடிவில், "என்ன விளங்கிற்று, சொல் மகளே, கேட்போம்" என்பது. நான்குமே வாப்பா அவர்களுடையவை. கடிதம் போய்க் கருவி வந்ததால் இவை பழையனவாகிவிடவில்லை.

கணவரை இழந்த அந்தப் பெண் இப்போது வாரத்தில் இரண்டு நாள் நம் மேசையின் எதிர்ப்புறம் அமர்கிறாள். பெண்கள் அவளிடமே செல்ல விரும்புகின்றனர். எந்தக் கைபேசியைக் கையில் வாங்கினாலும் அவள் முதலில் கேட்பது ஒரே கேள்வி: "இதில் போகக்கூடாதது என்ன இருக்கிறது, ராத்தா?"

சிலர் உடனே சொல்லிவிடுவர். சிலர் சற்று நேரம் மௌனமாயிருப்பர். அவள் காத்திருப்பாள், பின்னரே கருவியைத் திறப்பாள்.